தில்லிக்குள் வர முடியாத கார்

பதினைந்து வயதானதும் தலைநகரை விட்டு வெளியேற வேண்டியிருந்த ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் செடான், 3,12,000 கி.மீ. கடந்து டேராடூன் மலைச் சாலைகளில் இன்னும் ஓடுகிறது. அதற்கு உயிர் கொடுக்கும் உதிரிபாகங்கள் மட்டும் தில்லியிலிருந்து பஸ்ஸில் போகின்றன.

வெள்ளிக்கிழமை மாலைகளில் தில்லி காஷ்மீரி கேட் பஸ் நிலையத்தில் டேராடூன் பஸ் ஏறுகிறவர்களின் கையில் என்னென்னவோ இருக்கும். இனிப்புப் பெட்டி, குழந்தைக்குப் பொம்மை, ஆபீஸ் பை. என் மடியில் பெரும்பாலும் கார் உதிரிபாகம் இருக்கும். ஒரு முறை செய்தித்தாளில் சுற்றிய இரண்டு ஷாக் அப்சார்பர்கள். இன்னொரு முறை ஒரு ரேடியேட்டர். அதற்கும் டிக்கெட் எடுக்கச் சொன்னார் கண்டக்டர். “காரைத் துண்டு துண்டாகக் கொண்டுபோய் ஊரில் மாட்டப் போகிறீர்களா, பாயி சாப்?” என்று கேட்டார்.

“கார் ஏற்கெனவே அங்கேதான் இருக்கிறது” என்றேன்.

“அப்படியானால் அதிலேயே வந்து வாங்கிப் போகலாமே?”

நியாயமான கேள்வி. ஆனால் அந்தக் கார் வர முடியாது. 15 வயது கடந்த வண்டிகள் தில்லிச் சாலைகளில் ஓடக் கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2014 நவம்பரில் உத்தரவிட்டது. அடுத்த ஆண்டு டீசல் வண்டிகளுக்கு அந்த வயது பத்தாகக் குறைந்தது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. தடை தில்லியோடு நிற்கவில்லை, தலைநகர வட்டாரம் முழுவதற்கும் பொருந்தும். அந்த வட்டாரத்தில் மீரட்டும் உண்டு, முசாபர்நகரும் உண்டு. ஆக, 2003 ஆகஸ்டில் பதிவான என் ஹோண்டா சிட்டிக்கு இந்தியாவின் தெற்கு எல்லை கன்னியாகுமரி அல்ல. ரூர்க்கியைத் தாண்டி உத்தராகண்ட் முடிந்து முசாபர்நகர் மாவட்டம் தொடங்கும் இடம்தான்.

இதில் ஒரு வேடிக்கை, அந்தக் கார் பிறந்ததே தலைநகர வட்டாரத்தில்தான். கிரேட்டர் நொய்டாவில் ஹோண்டாவின் கார் தொழிற்சாலை 1997 டிசம்பரில் உற்பத்தியைத் தொடங்கியது. அங்கிருந்து 1998-ல் முதல் சிட்டி வெளிவந்தது. 2000-ல் வந்த 1.5 லிட்டர் வி-டெக் ரகம்தான் வாலிபர்களின் தூக்கத்தைக் கெடுத்தது. ஏறத்தாழ ஒரு டன் எடைக்கு 106 குதிரைத் திறன். மாருதி 800-ல் 37 குதிரைகளோடு குடும்பம் நடத்திய நாட்டுக்கு இது அதிகம். 2003-ல் அடுத்த தலைமுறை சிட்டி வந்தபோது இந்த ரகம் நின்றுபோனது. 2020 டிசம்பரில் அந்தத் தொழிற்சாலையிலேயே கார் உற்பத்தி நின்றுவிட்டது. பெற்ற இடம் மூடிய பிறகும் பிள்ளை ஓடிக்கொண்டிருக்கிறது.

நான் இதை வாங்கியது 2009-ல். அப்போது எனக்கு வயது முப்பதுக்குச் சற்றுக் குறைவு. தமிழில் எம்.ஏ. படித்துவிட்டு தில்லிக்கு வந்து, பிறர் ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழாக்கிச் சம்பாதிக்கிறவனுக்குப் புதுக் கார் கட்டுப்படியாகாது. பழைய கார் என்றால் கரோல் பாக் போக வேண்டும். அங்கே தரகர்கள் காட்டிய வி-டெக் கார்கள் எல்லாவற்றிலும் மீட்டர் நாற்பதாயிரத்தில் நின்றது. ஆனால் கிளட்ச் பெடல் ரப்பர் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது. மீட்டரைத் திருப்பிவைப்பது எளிது, பெடல் ரப்பரைத் திருப்பிவைக்க முடியாது. பலவற்றின் எஞ்சின், இரவு நேரப் பந்தயங்களில் உயிரை விட்டிருந்தது.

கடைசியில் கிடைத்தது ஓய்வுபெற்ற ஒரு வங்கி அதிகாரியின் கார். 71,000 கி.மீ. ஓடியிருந்தது. ஒவ்வொரு சர்வீஸ் ரசீதையும் பாஸ் புத்தகம் போல் தேதிவாரியாக அடுக்கிவைத்திருந்தார். இரண்டு லட்சத்துக்குச் சற்றுக் குறைவான விலை. அவர் செய்த ஒரே தவறு, அந்த எஞ்சினை ஒரு நாளும் வாய் திறந்து பேச விடாதது. சாவியைத் தரும்போது, “மூவாயிரத்தைத் தாண்டி ஓட்டியதே இல்லை” என்று பெருமையாகச் சொன்னார். எஞ்சின் சுற்று வேகத்தைச் சொல்கிறார்.

வி-டெக்கின் சூட்சுமமே அந்த மூவாயிரத்துக்கு வெகு மேலேதான் இருக்கிறது. எஞ்சினின் வால்வுகளைத் திறந்து மூடுவது கேம் ஷாஃப்ட் என்ற தண்டில் உள்ள மேடுகள். மெதுவாக ஓடும்போது வால்வு கொஞ்சமாகத் திறந்தால் போதும், பெட்ரோல் மிச்சமாகும். வேகமாக ஓடும்போது அதிகக் காற்று வேண்டும், வால்வு இன்னும் ஆழமாகத் திறக்க வேண்டும். சாதாரண எஞ்சினில் இரண்டுக்கும் நடுவே ஒரு சமரசம் செய்துகொள்வார்கள். இதில் தாழ்ந்த மேடு, உயர்ந்த மேடு இரண்டுமே உண்டு. குறிப்பிட்ட சுழற்சி வந்ததும் ஆயில் அழுத்தம் ஒரு சிறு ஊசியைத் தள்ளும். வால்வை இயக்கும் கைகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். அந்தக் கணத்தில் எஞ்சினின் சுருதி மாறும். 1989-ல் ஜப்பானில் ஹோண்டா இன்டக்ராவில் முதலில் வந்த ஏற்பாடு இது. யமுனைப் பாலத்தில் ஒரு ஞாயிறு அதிகாலை அந்தச் சுருதியை முதன்முதலாகக் கேட்டபோது, வங்கி அதிகாரிக்காகப் பரிதாபப்பட்டேன்.

ஆயில் அழுத்தத்தை நம்பி வாழும் எஞ்சின் என்பதால் ஆயில் விஷயத்தில் சோம்பல் கூடாது. ஐயாயிரம் கி.மீ.க்கு ஒரு முறை மாற்றுவேன். ஒவ்வொரு ஞாயிறும் அளவுக் கோலை உருவிப் பார்ப்பேன். மற்றவை எல்லாம் நான் காஷ்மீரி கேட்டில் படித்த பாடம்.

காஷ்மீரி கேட் என்றதும் சரித்திரம் படித்தவர்களுக்கு 1857 நினைவுக்கு வரும். செப்டம்பர் 14-ம் தேதி பிரிட்டிஷ் படை இந்த வாசலைத் தகர்த்துக்கொண்டுதான் ஷாஜகானாபாத்துக்குள் நுழைந்தது. அன்று காயம்பட்டு சில நாளில் இறந்த ஜான் நிக்கல்சனின் கல்லறை அருகிலேயே இருக்கிறது. அவர் பெயரில் உள்ள நிக்கல்சன் சாலையில், பழைய கோட்டைச் சுவரை ஒட்டி, இப்போது பிரேக் ஷூக்களும் பேரிங்குகளும் விற்கிறார்கள். ஆசியாவிலேயே பெரிய வாகன உதிரிபாகச் சந்தை இது என்று ஒவ்வொரு கடைக்காரரும் சொல்வார். அது உண்மையோ இல்லையோ, கிடைக்காதது இல்லை. ஒரு சந்துக்குள் கண்ணாடி மட்டும், அடுத்ததில் கேஸ்கெட் மட்டும், அதற்கும் அடுத்ததில் ரப்பர் புஷ் மட்டும். முகலாயர் காலத்து மாதிரி இன்னும் தொழில்வாரியாகத் தெருக்கள்.

மொழிபெயர்ப்பாளனுக்கு இது நல்ல பள்ளிக்கூடம். ஷாக் அப்சார்பர் என்று கேட்டால் கடைக்காரர் ஒரு கணம் விழிப்பார், “ஷாக்கர்” என்றால் உடனே எடுத்துத் தருவார். உபரிச் சக்கரம் இங்கேயும் ஸ்டெப்னிதான். வேல்ஸ் நாட்டின் லானெல்லி ஊரில் ஸ்டெப்னி தெருவில் 1904-ல் தொடங்கிய ஒரு கம்பெனியின் பெயர் அது. இங்கிலாந்தே மறந்துவிட்ட சொல்லைத் தில்லியும் திருச்சியும் ஒரே மாதிரி காப்பாற்றிவருகின்றன. எஞ்சின் ஆயிலைக் குறைத்துக்கொண்டே வந்தால் நம் ஊர் மெக்கானிக் “ஆயில் குடிக்குது” என்பார். இங்குள்ள உஸ்தாத் “தேல் கா ரஹீ ஹை” என்பார். தமிழ்க் கார் குடிக்கிறது, இந்திக் கார் தின்கிறது. செலவு ஒன்றுதான்.

இந்தச் சந்தையில் ஏமாந்தும் இருக்கிறேன். 2011-ல் டைமிங் பெல்ட் மாற்ற வேண்டியிருந்தது. கேம் ஷாஃப்டை கிராங்க் ஷாஃப்டோடு இணைக்கும் பல் வைத்த ரப்பர் பட்டை அது. ஓடும்போது அறுந்தால் பிஸ்டனும் வால்வும் மோதிக்கொள்ளும், எஞ்சின் முடிந்தது. ஒரு கடையில் அசல் பெட்டி, அசல் முத்திரையோடு வாங்கி வந்தேன். மெக்கானிக் அதைக் கையில் வாங்கி, முகர்ந்து பார்த்துவிட்டு, வெளியே வீசினார். “இது உங்களை ஆக்ரா வரை கொண்டுபோகும். திரும்பக் கொண்டுவராது” என்றார். அன்றிலிருந்து உயிர்நாடியான பாகங்களை அவர் கைகாட்டும் கடையில் மட்டுமே வாங்குகிறேன். பெல்ட்டைக் கழற்றும்போதே தண்ணீர் பம்பையும் மாற்றிவிட வேண்டும் என்பதும் அவர் சொன்னதுதான். அந்தப் பம்ப்பைச் சுற்றுவது அதே பெல்ட்தான். கூலி ஒன்று, வேலை இரண்டு.

புதுப் பாகம் கிடைக்காதபோது மாயாபுரி போக வேண்டும். மேற்கு தில்லியில் உள்ள பழைய இரும்புச் சந்தை. நம்மூர் காயலான் கடையை இரண்டாயிரம் மடங்கு பெருக்கிப் பார்த்தால் ஓரளவு பிடிபடும். 2010 ஏப்ரலில், தில்லிப் பல்கலைக்கழகம் ஏலத்தில் விற்ற ஓர் ஆய்வுக் கருவியிலிருந்த கோபால்ட்-60 இங்கே வந்து சேர்ந்து, கதிரியக்கத்தில் ஒருவர் இறந்தார். தலைநகரம் எதை வேண்டாம் என்று தூக்கிப் போட்டாலும் அது மாயாபுரிக்குத்தான் வரும். என் காரின் இடது பக்கக் கதவுக் கண்ணாடி மோட்டார், டிஸ்ட்ரிபியூட்டர், பின் விளக்கு மூன்றும் இங்கே அறுபட்ட வேறு மூன்று சிட்டிகளிலிருந்து வந்தவை. பழைய கார் ஒன்று வாழ வேண்டுமானால் அதன் உடன்பிறப்புகள் செத்துக்கொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் யோசித்தால் சங்கடமான ஏற்பாடுதான்.

பழுது பார்க்க எப்போதும் பெரிய சந்தை வேண்டியிருப்பதில்லை. 2014 ஜூனில் முசௌரிக்குப் போகிறோம். கதௌலியில் தண்ணீர் குடிக்க நிறுத்திய கார் மறுபடி கிளம்ப மறுத்தது. வெயில் மண்டையைப் பிளக்கிறது, பின் சீட்டில் ஏழு வயது மகள். ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. சாவியைத் திருப்பியதும் பின்னாலிருந்து இரண்டு விநாடி கேட்கும் ‘ம்ம்ம்’ என்ற பெட்ரோல் பம்ப் சத்தம் கேட்கவில்லை என்பதைச் சொன்னது மகள்தான். “அப்பா, இன்னைக்கு அது முனகலையே” என்றாள். கோளாறு டாஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் மெயின் ரிலேயில். பதினோரு கோடைகளின் வெப்பத்தில் அதன் ஈயப்பற்றில் மயிரிழை விரிசல் விட்டிருந்தது. சூடானால் இணைப்பு விலகும், ஆறினால் சேரும். செய்தவர்களைக் குறை சொல்ல முடியாது, வட இந்திய வெயிலுக்கு முன் எந்த ஈயமும் பணிந்துதான் போகும். பக்கத்தில் டி.வி. ரிப்பேர் கடை வைத்திருந்த பெரியவர் அதைத் திறந்து, கால் மணி நேரத்தில் சூட்டுக்கோலால் புதிதாகப் பற்றுவைத்துக் கொடுத்தார். இருபது ரூபாய் வாங்கிக்கொண்டார். அந்த ரிலே இன்னும் அதே இடத்தில் இருக்கிறது.

கார் கதையில் மகள் இப்படித்தான் நுழைந்தாள். பிறகு கதையே அவளுடையதாகிவிட்டது.

2016 தீபாவளி முடிந்த வாரம் தில்லியில் இருந்தவர்களுக்கு அந்தப் புகைமூட்டம் நினைவிருக்கும். பள்ளிக்கூடங்களை மூன்று நாள் மூடினார்கள். மயூர் விஹாரில் எங்கள் மாடியிலிருந்து எதிர்க் கட்டடம் தெரியவில்லை. ஒன்பது வயது மகளுக்கு இரவு இரண்டு மணிக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. அந்தக் காரில்தான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். மூக்கில் நெபுலைசர் முகமூடியோடு அவள் உட்கார்ந்திருந்த பெஞ்சில் அவளைப் போல் இன்னும் ஆறு குழந்தைகள். அந்தக் குளிர்காலத்தில் நான்கு முறை போனோம். “முடிந்தால் ஊரை மாற்றிப் பாருங்கள்” என்றார் டாக்டர். மத்திய அரசுப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கும் என் மனைவி இடமாற்றம் கேட்டார். 2017 ஜூலையில் டேராடூன் கிடைத்தது.

அடுத்த பதின்மூன்று மாதம் வாரம் தவறாமல் தில்லி–டேராடூன்–தில்லி. போக 250 கி.மீ., வர 250 கி.மீ. மோதிநகர் நெரிசல், மீரட், முசாபர்நகர். குளிர்காலமானால் முசாபர்நகரைச் சுற்றி வழியெங்கும் கரும்பு ஆலைகளில் வெல்லப்பாகு கொதிக்கும் வாசனை ஜன்னல் வழியாக வரும். நாட்டின் பெரிய வெல்லச் சந்தைகளில் அது ஒன்று. ரூர்க்கி தாண்டினால் சால் மரங்கள். மோஹண்ட் மலைப் பாதையில் வளைவுகள் தொடங்கும்போது எஞ்சினின் சுருதி மாறும். காரின் கணக்கில் பாதிச் சந்தோஷம் அந்தப் பத்துப் பன்னிரண்டு கி.மீ.யில்தான் இருந்தது.

அதற்குள் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. 2018 ஆகஸ்டில் காருக்குப் பதினைந்து முடியும். அதன் பிறகு தில்லியில் அது வாகனம் அல்ல, வெறும் இரும்பு. ஆட்சேபணையின்மைச் சான்றிதழ் வாங்கி வெளி மாநிலத்தில் பதிவு செய்யலாம், அல்லது அறுக்கக் கொடுக்கலாம். மனைவியின் டேராடூன் முகவரி கைகொடுத்தது. கடைசியாகத் தில்லியிலிருந்து கிளம்பிய அன்று மீட்டர் 2,28,000-ஐத் தாண்டியிருந்தது. டேராடூன் நுழைவில் டாட் காளி கோயில். புது வண்டி வாங்கியவர்கள் அங்கே நிறுத்திப் பூஜை போடுவது வழக்கம். நாங்களும் நிறுத்தினோம். பளபளக்கும் புதுக் கார்களுக்கு நடுவே எங்கள் காரைப் பார்த்த பூசாரி, “இதுவா புதுசு?” என்றார். “இந்த ஊருக்குப் புதுசு” என்றார் என் மனைவி. சிவப்புத் துணியைக் கட்டி, தேங்காய் உடைத்துக் கொடுத்தார். யு.கே. 07 என்று புது எண் வந்தது. ஐந்தாண்டுக்குப் பதிவு. 2023-ல் மீண்டும் ஐந்தாண்டு.

தில்லியின் அசுத்தக் காற்று என் மகளை வெளியேற்றியது. அந்த அசுத்தத்துக்குக் காரணம் என்று என் காரையும் வெளியேற்றினார்கள். இரண்டு அகதிகளும் ஒரே வீட்டில் குடியேறினார்கள். இதில் யார் பக்கம் பேசுவது என்று எனக்குப் பல காலம் தெரியவில்லை.

சட்டத்தின் மேல் கோபம் இருந்தது உண்மை. வயதைப் பார்க்கிறார்களே, புகையைப் பார்க்கவில்லையே என்று நண்பர்களிடம் வாதாடியிருக்கிறேன். ஐயாயிரம் கி.மீ.க்கு ஆயில் மாற்றுகிறவனும், கறுப்புப் புகை கக்கிக்கொண்டு போகிறவனும் ஒன்றா? நல்ல வாதம்தான். 2022-ல் அந்த வாதத்துக்குப் பரீட்சை வந்தது.

மீட்டர் 2,70,000-ஐத் தொட்டபோது பின்னால் வந்த ஸ்கூட்டர்காரர் ஒருவர் சிக்னலில் ஜன்னலைத் தட்டி, “நீலப் புகை வருகிறது” என்றார். அளவுக் கோல் ஏற்கெனவே சொல்லிக்கொண்டுதான் இருந்தது. எண்ணூறு கி.மீ.க்கு ஒரு லிட்டர் ஆயில் காணாமல் போனது. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் நீலப் புகை வந்தால் வால்வு சீல். வேகம் கொடுக்கும்போதும் வந்தால் பிஸ்டன் ரிங். எங்களுடையது இரண்டும். ஆனால் புகைச் சான்றிதழ் சோதனையில் கார் தேறிவிட்டது. பெட்ரோல் வண்டிக்கு அந்தச் சோதனை நின்ற இடத்தில் கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பனையும் அளக்கிறது. மேட்டில் ஏறும்போது என் கார் விடும் ஆயில் புகை அந்தக் கணக்கில் வராது.

சஹாரன்பூர் சாலையில் உள்ள பட்டறையில் எஞ்சினை இறக்கினார்கள். காஷ்மீரி கேட்டிலிருந்து ரிங் செட், பேரிங், வால்வு சீல், கேஸ்கெட் எல்லாம் மூன்று வெள்ளிக்கிழமைகளில் பஸ்ஸில் வந்தன. எஞ்சின் சேர்ந்த பிறகு உஸ்தாத் இன்னொரு விஷயத்தைக் காட்டினார். சைலன்ஸர் குழாயின் நடுவே ஒரு சட்டி. காட்டலிடிக் கன்வெர்ட்டர். உள்ளே தேன்கூடு மாதிரி பீங்கான், அதன் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு. எஞ்சின் கக்கும் விஷ வாயுக்களைக் கரியமில வாயுவாகவும் நீராவியாகவும் நைட்ரஜனாகவும் மாற்றுவது அதுதான். நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு 1995 ஏப்ரலிலிருந்தே கட்டாயம். என் காரில் இருந்தது, எரிந்த ஆயிலின் கசடு படிந்து செத்துப்போயிருந்தது.

“இதை நான் எடுத்துக்கொண்டு பணம் தருகிறேன், சார்ஜி. உள்ளே இருக்கிற உலோகத்துக்கு விலை உண்டு. இந்த இடத்தில் வெறும் குழாய் போட்டுவிடலாம். பிக்கப்பும் ஏறும். எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்” என்றார். “சான்றிதழ்?” என்றேன். “அது என் பொறுப்பு” என்றார். அவர் கெட்டவர் அல்ல. என் பணத்தை மிச்சப்படுத்தத்தான் சொன்னார். எஞ்சின் வேலைக்கே காரின் சந்தை விலையை நெருங்கிவிட்டிருந்தேன். புதுக் கன்வெர்ட்டர் அதற்கு மேல் பல ஆயிரம்.

அன்று பட்டறை பெஞ்சில் உட்கார்ந்தபோது ஆஸ்பத்திரி பெஞ்சு நினைவுக்கு வந்தது. ஆறு குழந்தைகள். அவர்களின் நெஞ்சுக்குள் போன புகையை விட்டவர்கள் எல்லாரும் கெட்டவர்களா என்ன? யாரோ ஒரு நல்ல மெக்கானிக் சொல்லி, யாரோ ஒரு நல்ல தகப்பன் தலையாட்டியிருப்பான். வயதைப் பார்க்கிறார்களே, புகையைப் பார்க்கவில்லையே என்று நான் கேட்டதற்குப் பதில் அங்கே இருந்தது. லட்சக்கணக்கான குழாய்களுக்குள் தனித்தனியாக எட்டிப் பார்க்க எந்த அரசாங்கத்தாலும் முடியவில்லை. அதனால் எல்லாருக்கும் தெரிகிற ஒன்றை, வயதை, எண்ணுகிறார்கள். என் கார் விதிவிலக்கு என்று சொல்ல எனக்கு உரிமை வேண்டுமானால், யாரும் பார்க்காத இடத்தில் நான் ஒழுங்காக இருக்க வேண்டும். புதுக் கன்வெர்ட்டர் வாங்கினேன். இரண்டு மாதம் வீட்டில் பட்ஜெட் விழுந்தது. 2023-ல் பதிவைப் புதுப்பிக்கக் கொண்டுபோனபோது சேஸிஸ் எண், விளக்கு, பிரேக் எல்லாம் பார்த்தார்கள். குழாய்க்குள் யாரும் பார்க்கவில்லை.

ஒழுங்காக இருந்தாலும் கணக்கு முழுதாக நேராகிவிடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். என் கார் பாரத் ஸ்டேஜ்-2 காலத்தது. அந்த விதிப்படி கி.மீ. ஒன்றுக்கு ஹைட்ரோகார்பனும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் சேர்த்து அரை கிராம் வரை விடலாம். 2020 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்த பாரத் ஸ்டேஜ்-6 விதியில் அதே இரண்டும் சேர்ந்து 0.16 கிராம். எவ்வளவு சீராட்டினாலும் 2003-ல் பிறந்தது 2003-ல் பிறந்ததுதான். மறுபுறம், ஒரு புதுக் காருக்கு வேண்டிய இரும்பும் பிளாஸ்டிக்கும் உருவாகும்போது வரும் புகை இந்தக் கணக்கில் இல்லை. ஆனால் அந்தப் புகை வேறு ஊரில் வருகிறது. குழந்தையின் மூச்சு நின்ற இடத்தில்தான் கணக்குப் பார்க்கும்.

2025 ஒரு விசித்திரமான ஆண்டு. ஜூலை 1 முதல் ஆயுள் முடிந்த வண்டிகளுக்குத் தில்லி பங்குகளில் பெட்ரோல் இல்லை என்றார்கள். கேமரா வைத்து எண்ணைப் படித்துத் திருப்பி அனுப்பினார்கள். சில நாளிலேயே அதை நிறுத்திவைத்தார்கள். ஆகஸ்டு 12-ல் உச்ச நீதிமன்றம், வயது என்ற ஒரே காரணத்துக்காகப் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் மேல் கட்டாய நடவடிக்கை கூடாது என்றது. டிசம்பரில் அதைத் திருத்தி, அந்தப் பாதுகாப்பு பாரத் ஸ்டேஜ்-4 மற்றும் அதற்குப் பிந்தைய வண்டிகளுக்கு மட்டும்தான் என்றது. நடுவே நான்கு மாதம். ஏழு ஆண்டுக்குப் பிறகு என் காருக்குத் தில்லிக் கதவு கொஞ்சம் திறந்திருந்தது.

அக்டோபர் கடைசியில் தில்லியில் ஒரு தமிழ் நண்பர் வீட்டுக் கல்யாணம். “அப்பா, இப்பத்தான் பிடிக்க மாட்டாங்களே. நம்ம கார்லயே போலாமா? பழைய வீட்டையும் பாத்துட்டு வரலாம்” என்றாள் மகள். அவளுக்கு இப்போது பதினெட்டு. அந்த மாதம்தான் ஓட்டுநர் உரிமம் வாங்கியிருந்தாள், இதே காரில் பழகி. எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. காஷ்மீரி கேட்டில் காரோடு போய் இறங்கி, அந்தக் கடைக்காரர்களுக்கு “இதோ, இதற்காகத்தான் இத்தனை வருஷம் வந்தேன்” என்று காட்ட வேண்டும் போல இருந்தது. டயரில் காற்றுக்கூடப் பிடித்துவிட்டேன்.

தீபாவளி முடிந்த வாரம் அது. புறப்படும் நாளுக்கு முந்தைய இரவு மனைவி டி.வி. செய்தியில் இந்தியா கேட்டைக் காட்டினார். தெரியவில்லை. மகள் சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போய், மூன்று வருடமாகத் தேவைப்படாத இன்ஹேலரைத் தேடி எடுத்துக் கைப்பையில் வைத்தாள். நான் பஸ்ஸுக்கு மூன்று டிக்கெட் எடுத்தேன். யாரும் அதைப் பற்றி மேற்கொண்டு பேசவில்லை.

திரும்பி வரும்போது என் மடியில் கீழ்க் கைக்கான புஷ் ஒரு ஜோடியும், ஒரு ஆயில் ஃபில்டரும் இருந்தன.

மறுநாள் ஞாயிறு. ராஜ்பூர் தாண்டி முசௌரி ஏற்றத்தில் மகள் ஓட்டினாள். மூன்றாவது கியரில் மிதித்தபோது சுருதி மாறியது. இந்தச் சத்தத்துக்காகவே இவள் கியர் மாற்றத் தாமதிக்கிறாள் என்பதைக் கவனித்தும் நான் ஒன்றும் சொல்லவில்லை. பின்கண்ணாடியில் பார்த்தேன். நீலம் இல்லை.

“நிலாவுக்கு எவ்வளவு தூரம்பா?” என்றாள். சராசரியாக 3,84,400 கி.மீ. என்றேன். மீட்டரைப் பார்த்தாள். 3,12,000. “இன்னும் எழுபத்திரெண்டாயிரம். 2028-க்குள்ள முடியாது. அப்ப மறுபடி ரெஜிஸ்டர் பண்ணுவியா?”

இருபது வயது கடந்த கார்களுக்குப் புதுப்பிக்கும் கட்டணம் 2025-ல் பத்தாயிரமாகிவிட்டது. ஆனால் நான் யோசித்தது கட்டணத்தை அல்ல. எஞ்சின் வேலைக்குப் பிறகு ஐயாயிரம் கி.மீ.க்கு அரை லிட்டர் ஆயில்கூடக் குறைவதில்லை. அது மறுபடி ஆயிரத்துக்கு ஒரு லிட்டர் என்று ஆகும் நாளில், யாரும் கேட்பதற்கு முன் நானே கொண்டுபோய் அறுக்கக் கொடுத்துவிடுவேன் என்று உஸ்தாதிடம் சொல்லிவைத்திருக்கிறேன். அதையே மகளிடமும் சொன்னேன்.

“அதை யாரு பாப்பாங்க?” என்றாள்.

“ஞாயித்துக்கிழமை காலையில நீ பாரு” என்றேன். வீட்டுக்கு வந்து எஞ்சின் ஆறியதும், பானெட்டைத் திறந்து கோலை உருவித் துடைத்துக் காட்டிக் கொடுத்தேன். ஆயில் மேல் கோட்டில் நின்றது.